தீபாவளிக்கு எந்த ஊர்?

1967-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். மனிதரை உலுக்கிப் பார்க்கும் 43 சம்பவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வாழ்க்கைத் துணை இறந்துபோனால் 100. கல்யாணம் ஆனால் 50. மேலதிகாரியோடு தகராறு என்றால் 23. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் கிறிஸ்துமஸ் நிற்கிறது, அதற்கு 12. அதற்கும் கீழே, 11 மதிப்பெண்ணோடு, சின்னச் சின்ன சட்ட மீறல்கள். அதாவது குடும்பத்தோடு பண்டிகை கொண்டாடுவதும் சிவப்பு விளக்கைத் தாண்டி டிராஃபிக் போலீஸிடம் மாட்டிக்கொள்வதும் அவர்கள் கணக்கில் ஏறக்குறைய ஒன்று.

இரண்டு டாக்டர்களும் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போனதில்லை என்பது பார்த்ததுமே தெரிகிறது.

ஆனாலும் பட்டியலைக் குறை சொல்ல முடியாது. வேண்டியதெல்லாம் வேறு வேறு வரிகளில் சிதறிக் கிடக்கிறது. கணவர் வீட்டாரோடு அல்லது மனைவி வீட்டாரோடு உரசல் 29. கணவன் மனைவி வாக்குவாதம் கூடினால் 35. பண நிலைமையில் மாற்றம் 38. தூக்கம் மாறினால் 16, சாப்பாடு மாறினால் 15, சொந்தபந்தம் கூடுவது கூடினாலும் குறைந்தாலும் 15. கிறிஸ்துமஸின் 12-ஐத் தீபாவளிக்குக் கைமாற்றாக வாங்கிக் கூட்டினால் மொத்தம் 160. ஒரு வருடத்தில் 150-ஐத் தாண்டினால் உடம்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்பது இந்த அளவுகோல் கிழிக்கும் கோடு. தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு வருடமெல்லாம் தேவையில்லை. ஐப்பசியில் மூன்றே நாளில், கையில் லட்டோடு, அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

சென்னை மடிப்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. மனைவிக்குக் கும்பகோணம். பெயர் வேண்டாம், இருவரும் அடுத்த வருடமும் ஊருக்குப் போக வேண்டியவர்கள். கல்யாணமான வருடம் அவர்களுக்கு ஒரு சிக்கலும் இருக்கவில்லை. தலை தீபாவளி பெண் வீட்டில்தான் என்பது ஊரறிந்த முறை. மாமனாரும் மாமியாரும் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மோதிரம், பெண்ணுக்குப் பட்டு. விடியற்காலையில் மணையில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைப்பது யார், முதல் வெடியைக் கொளுத்துவது யார், இலையில் முதலில் விழுவது என்ன என்பது வரை எல்லாமே எப்போதோ தீர்மானமான விஷயங்கள். மாப்பிள்ளைக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று, ‘போதும் அத்தை’ என்று சொல்வது. அதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது தீபாவளிக்கு முறை எதுவும் கிடையாது. எந்தக் கிழமையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்றுகூடச் சொல்லிவிட்டுப் போன முன்னோர்கள், கல்யாணமான இரண்டாம் வருடம் எந்த ஊருக்கு வண்டியேறுவது என்பதை மட்டும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பெண் புகுந்த வீட்டிலேயே இருந்தாள். பண்டிகை அவள் இருந்த இடத்தில் நடந்தது. இப்போதோ இருவரும் மூன்றாவதாக ஓர் ஊரில் பிழைக்கிறார்கள். கோவில்பட்டிக்குப் போனால் கும்பகோணத்துக்குப் போகவில்லை என்று ஆகிறது. கும்பகோணத்துக்குப் போனால் கோவில்பட்டியில் அடுத்த தை வரை அது பேச்சாகிறது.

ஆவணி பிறந்ததுமே கோவில்பட்டியிலிருந்து போன் வரும். “ஏய்யா, தீவாளிக்கு வருவீகளா, இல்ல அங்கதான் போறீகளா?” அந்த ‘அங்கதான்’ மீது விழும் அழுத்தத்தை அச்சில் கொண்டுவர வழியில்லை. கும்பகோணத்தின் பாணி வேறு. “எங்களுக்கு என்னம்மா, நீங்க எங்க இருந்தாலும் சந்தோஷமா இருந்தா சரி. அப்பாவுக்குத்தான் இந்த வருஷம் முழங்கால் வலி ஜாஸ்தி.” முழங்காலுக்கும் தீபாவளிக்கும் உள்ள தொடர்பை அவர் விளக்குவதில்லை. விளக்கினால் பதில் சொல்லிவிடலாமே.

இதில் நியாயம் பேசவும் இடமில்லை. பண்டிகை என்றால் பெண் பிறந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பதில் கோவில்பட்டி அம்மாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு, தன் மகள் விஷயத்தில். மதுரையில் வாழ்க்கைப்பட்ட அந்த மகள் வருடா வருடம் தவறாமல் வந்துவிடுகிறார். “அண்ணன் இல்லாம அவளுக்கு என்ன தீவாளி?” என்பது அடுத்த வாதம். அண்ணன் மனைவிக்கும் கும்பகோணத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார் என்பதை அந்த நேரத்தில் நினைவூட்டுபவர் எவரோ, அவர் அன்று இரவு ஹாலில் படுக்க வேண்டியதுதான்.

இந்த வழக்கில் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வது ரயில்வே. 2024 அக்டோபர் வரை 120 நாட்களுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம் என்றிருந்தது. நவம்பர் 1 முதல் அதை 60 நாட்களாகக் குறைத்தார்கள். காரணம் ஆயிரம் சொல்லப்பட்டது. வீடுகளில் விளைந்த பலன் வேறு: ஆனி மாதமே தொடங்கிவிடும் சண்டை இப்போது ஆவணியில்தான் தொடங்குகிறது. குடும்ப அமைதிக்கு இந்திய ரயில்வே செய்த இவ்வளவு பெரிய தொண்டை ஒரு பத்திரிகையும் எழுதவில்லை.

முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும். ஒரு வருடம் இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கணவர் லேப்டாப்பில் முத்துநகர் எக்ஸ்பிரஸ், மனைவி செல்போனில் உழவன் எக்ஸ்பிரஸ். எதில் படுக்கை உறுதியாகிறதோ அந்த ஊர். இரண்டு பேரும் ஒருவர் திரையை ஒருவர் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 8 அடித்ததும் இணையதளம் சுற்றத் தொடங்கியது. சுற்றி முடித்தபோது இரண்டு வண்டிகளிலும் மூன்று இலக்கத்தில் காத்திருப்போர் பட்டியல். அந்த நிமிடத்தில் அந்த வீட்டில் நிலவிய ஒற்றுமை கல்யாண மேடையில்கூட இருந்ததில்லை. இருவரும் சேர்ந்து ரயில்வேயைத் திட்டினார்கள்.

பிறகு தட்கல். ஏ.சி.க்கு 10 மணி, சாதாரணப் படுக்கைக்கு 11 மணி. அதுவும் கை நழுவினால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த அந்தப் பெரிய பேருந்து முனையத்தின் வழியாகத்தான் தென் மாவட்டக் கூட்டம் வடிய வேண்டும். ஆம்னி பஸ்ஸில் கட்டணம் ஏறுவதும், கூடுதல் கட்டணம் வாங்கினால் கடும் நடவடிக்கை என்று அரசு எச்சரிப்பதும், எச்சரித்த பிறகும் ஏறுவதும், எண்ணெய்க் குளியல், லேகியத்துக்கு அடுத்தபடியாகத் தீபாவளிச் சடங்குகளில் சேர்ந்துவிட்டன. சொந்தக் காரில் போகலாம் என்பவர்கள் பரனூர் சுங்கச்சாவடியில் நின்று, அதே சாவடியில் நிற்கும் தூரத்து உறவினர்களை அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

பண நிலைமைக்கு 38 கொடுத்ததில் டாக்டர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வைத்தது. 8.33 என்ற அந்த விசித்திர எண் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மாதச் சம்பளம். தமிழ்நாட்டு அரசுப் பொதுத்துறை நிறுவனங்களில் சி, டி பிரிவு ஊழியர்களுக்குக் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று அறிவிப்பார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் அது 16,800 ரூபாயில் நின்றுவிடும். கும்பகோணத்து மைத்துனர் போக்குவரத்துக் கழக ஊழியர். அறிவிப்பு பேப்பரில் வந்த காலையிலேயே அந்த 16,800 மூன்று முறை செலவாகிவிடும். மனைவி மனதில் ஒரு முறை, மகள் மனதில் ஒரு முறை, கடன் கொடுத்தவர் மனதில் ஒரு முறை. கைக்கு வரும்போது அது பழைய பணம். தீபாவளியன்று அவர் வீட்டிலும் இருக்க மாட்டார்; ஊருக்குப் போகும் மற்றவர்களின் பஸ்ஸை யாராவது ஓட்டியாக வேண்டுமே.

ஜவுளிக்கு வருவோம். இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே விலையில் புடவை என்பது மடிப்பாக்கத்தின் கொள்கை. கொள்கை நல்ல கொள்கைதான். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நின்று அதை நிறைவேற்றுவதுதான் பாடு. ஒரே விலையில் இரண்டு எடுத்தால் ஒன்று கண்ணுக்கு விலை கூடியதாகத் தெரியும். ஒரே புடவையை இரண்டு நிறத்தில் எடுத்தால், “கடையில வேற டிசைனே இல்லையாமா?” கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. அங்கே போனால் வேறொரு தர்மசங்கடம்: அட்டையில் உள்ள விலையைச் சொல்வதா, கொடுத்த விலையைச் சொல்வதா? மாமியாரிடம் அட்டை விலையையும் கணவரிடம் கொடுத்த விலையையும் சொல்வது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. விலைச் சீட்டைக் கிழித்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள். சீட்டில்லாத புடவையின் விலையைக் கோவில்பட்டி அம்மா முந்தானையை விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவார், 200 ரூபாய் குறைத்து.

பரிசு கொடுப்பதே நஷ்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஒருவரும் உண்டு. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1993-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸுக்கு வந்த பொருட்களுக்கு மாணவர்கள் போட்ட மதிப்பு, அவற்றை வாங்க ஆன செலவைவிடப் 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. நண்பர்கள் கொடுத்ததில் நஷ்டம் கம்மி. தாத்தா பாட்டி, அத்தை மாமா வகையறா கொடுத்ததில் அதிகம். மடிப்பாக்கத்து மாப்பிள்ளை இந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. ஆனால் அவர் பீரோவின் மேல்தட்டில், மாமனார் ஆசையாக எடுத்துக் கொடுத்த சஃபாரி சூட்டுத் துணி பிரிக்காமல் இருக்கிறது. அதைத் தைக்கத் தெரிந்த தையல்காரர் தொழிலை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. “தைச்சுட்டீங்களா மாப்ளே?” என்று மாமனார் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். “டெய்லர்கிட்ட இருக்கு மாமா” என்று இவரும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். யாருக்கும் நஷ்டமில்லை.

இனி அடுப்படி. டாக்டர்கள் தங்கள் பட்டியலில் சேர்க்காமல் விட்ட 44-ஆவது சம்பவம் மைசூர்பாகு. சர்க்கரைப் பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் கடலை மாவைத் தூவ வேண்டும். தூவும்போதே கிளறவும் வேண்டும். பக்கத்து அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் நெய்யைச் சுடச்சுடக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். கொதிக்கிற நெய் விழ விழ மாவு சளசளவென்று பொங்கும். வில்லையைப் பிட்டால் உள்ளே தெரியும் துளைகள் அந்தப் பொங்கலில் விழுந்தவைதான். ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் நேரம் பார்த்துத் தட்டில் கொட்டினால் மைசூர்பாகு. தாண்டிவிட்டால் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது, இரண்டு அர்த்தத்திலும்.

கோவில்பட்டியில் ஒரு வருடம் அது நடந்தது. மருமகள் கிளறிக்கொண்டிருந்தார். இடது கையில் துணியால் பிடித்த வாணலி, வலது கையில் கரண்டி. நெற்றியில் வழிவதைத் துடைக்க மூன்றாவது கை இல்லை. மசாலா டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் யூடியூப் அம்மையார், பதம் எப்படித் தெரியும் என்றால் என்று தொடங்கி, பாதியில் ஒரு கார் விளம்பரத்துக்கு வழிவிட்டுவிட்டார். மாமியார் நிலைப்படியில் நின்றபடி, குறிப்பாக யாரையும் பார்க்காமல், “நாங்கல்லாம் போனப் பாத்தா செஞ்சோம்?” என்றார். மருமகள் திரும்பிப் பார்த்தார். திரும்பிய நேரம் போதும். தட்டில் விழும்போதே அது சத்தம் போட்டது.

கணவர் அந்தப் பக்கமே வரவில்லை. வாசலில் யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டு போனவர், தெருமுனை டீக்கடையில் வெகுநேரம் உலக அரசியல் பேசினார். சாயங்காலம் மாமியார் உலக்கையை எடுத்துவந்து அதை இடித்துப் பொடித்தார். நெய் கொஞ்சம் கூடவிட்டு, வறுத்த முந்திரி சேர்த்து உருண்டை பிடித்தார். நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் தட்டை நீட்டி, “எங்க மருமக, கும்பகோணத்துப் பக்குவத்துல செஞ்சது” என்றார். அது பாராட்டா, பழியா என்பதை மருமகள் இன்னும் முடிவு செய்யவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இது அந்த வேலையில் ஈடுபட்டவர்களுக்கு மட்டுமான சராசரி. அந்தப் பக்கம் தலைவைக்காத ஆண்கள் இதில் சேர்த்தியில்லை. சாதாரண நாளுக்கே இவ்வளவு. பண்டிகை நாளில் ஆண்களின் நிமிடங்களும் கூடத்தான் செய்கின்றன. அரிசி மாவு திரிக்க மில்லுக்குப் போவது, முறுக்கு அச்சு எந்தப் பரணில் இருக்கிறது என்று ஏணி போட்டுத் தேடுவது, உப்பு பார்ப்பது. உப்பு பார்ப்பதிலேயே அரை கிலோ காலியாகும். ஆனால் கேட்டுப் பாருங்கள், “பாதி வேலை நான்தான் பார்த்தேன்” என்பார்கள். பொய் இல்லை, அப்படித்தான் தோன்றும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இருவர் தம்பதிகளைத் தனித்தனியே உட்கார வைத்து, வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். 1979-ல் வெளிவந்த அந்த ஆய்வில், இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டியது. நம் கூட்டுக் குடும்பத்தில் மாமியார், மருமகள், நாத்தனார், சின்னம்மா நால்வரையும் கேட்டிருந்தால் ஆய்வாளர்கள் கணக்குப் பாடத்தையே கைவிட்டிருப்பார்கள்.

விடியற்காலை 4 மணி. நரகாசுரனை வதம் செய்த கிருஷ்ணனுக்கு ஒரு வசதி இருந்தது. பதினோரு பேருக்கு ஒரே குளியலறை என்ற நிலைமையில் அவர் எண்ணெய் வழிய நின்றதில்லை. குளிக்கும் வரிசையில் கோவில்பட்டியில் சண்டை வராது. வயதுப்படி என்று பாட்டி ஒருமுறை சொல்லிவிட்டதால் அது முடிந்த கதை. வெந்நீர் யாரோடு தீர்ந்தது என்பதில்தான் வரும். அதற்குப் பாட்டி எதுவும் சொல்லவில்லை. குளித்து வந்தவர் கையில் லேகிய உருண்டை விழும்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை என்று இடித்துப் பொடித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறியது. பின்னால் சாப்பிடப்போவதற்கான மருந்தை முன்னாலேயே கொடுத்துவிடும் பண்டிகை இது ஒன்றுதான். வயிற்றைப் பற்றி நம் முன்னோருக்கு இருந்த தெளிவு மனதைப் பற்றி இல்லாமல் போனதுதான் குறை. சித்தப்பாவின் கேள்விகளுக்கு எந்த நாட்டு மருந்துக் கடையிலும் லேகியம் கிடையாது.

பட்டாசுக்கு ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு போட்டி. பக்கத்திலேயே சிவகாசி இருப்பதால் கோவில்பட்டியில் கேட்கவே வேண்டாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு 2 மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. இரவு 8 முதல் 10 என்று முதலில் சொன்னது. எங்களுக்குத் தீபாவளியே விடியற்காலையில்தான் என்று தமிழக அரசு போய் முறையிட, அந்த 2 மணி நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கிவந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆனது அப்படித்தான். தெருவில் அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு விஷயம். வீட்டுக்குள் அது பெரிய உபகாரம். நாலரை மணிக்கே வெடிக்க வேண்டும் என்று கால் உதைக்கும் பையனிடம் முன்பு அப்பா வில்லன் ஆக வேண்டியிருந்தது. இப்போது வில்லன் டெல்லியில் இருக்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொந்தபந்தத்துக்கான 15 மதிப்பெண் வேலையைக் காட்டும். பிளஸ் டூ படிப்பவரிடம் நீட், வேலை பார்ப்பவரிடம் சம்பளம், கல்யாணமாகாதவரிடம் கல்யாணம், ஆனவரிடம் விசேஷம். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் விடுவார்கள் என்பது மூடநம்பிக்கை; அடுத்த வகுப்புக்குத் தேறிவிட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு வழக்கு இருக்கிறது. 1991 தீபாவளிக்கு ரஜினியின் ‘தளபதி’யும் கமலின் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. எது பெரிய படம் என்பது இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் புது ஆதாரங்களோடு வருகிறார்கள். வீட்டுப் பெண்கள் இதை மனதார வரவேற்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் யாரும் காபி கேட்பதில்லை. டி.வி.யில் பட்டிமன்றம் ஓடினால் இன்னும் நல்லது. சாலமன் பாப்பையா முன்னால், குடும்பத்தில் கஷ்டப்படுவது ஆணா பெண்ணா என்கிற மாதிரித் தலைப்பில் யாரோ சண்டை போட, உண்மையில் கஷ்டப்பட்டவர்கள் அரைத்தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். 2024-ல் தீபாவளி வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளியும் விடுமுறை, ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமை வேலை நாள் என்று தமிழக அரசு அறிவித்தது. நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு என்று ஊரே குதித்தது. அந்த வருடம் கும்பகோணம். மூன்று நாளும் மாப்பிள்ளைக்குத் தனி டம்ளரில் காபி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் தயங்கித் தயங்கி வந்து, “மாப்ளே, சும்மாதானே இருக்கீங்க, மாடித் தண்ணித் தொட்டிய ஒரு தடவ கழுவிவிட்டுடலாமா?” என்றார். இனிமேல் மூன்று நாளுக்கு மேல் எந்த ஊரிலும் தங்குவதில்லை என்ற சட்டம் மடிப்பாக்கத்தில் அன்றே இயற்றப்பட்டது.

அதற்கு முன்பே பெரிய சட்டம் ஒன்று வந்துவிட்டிருந்தது. எந்த ஊர் என்ற கேள்விக்கு முடிவு கட்டியவர் கணவரின் பெரியப்பா; ‘தளபதி’ கட்சிக்காரர், உலகம் தெரிந்தவர். இதைச் சிறியவர்கள் பேசித் தீர்க்க முடியாது, பேசினால் மனஸ்தாபம்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஐப்பசியில் கங்கையே காவிரியில் வந்து கலப்பதாக நம்பிக்கை. மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் அந்த மாதம் முழுக்கக் கூட்டம் அலைமோதும். தம்பி மகன் ஜாதகத்தைத் தனக்குத் தெரிந்த ஜோசியரிடம் காட்டியதாகவும், இரட்டைப்படை வருடங்களில் அவன் ஐப்பசியில் காவிரியில் முழுகுவது ஆயுளுக்கு நல்லது என்று அவர் சொன்னதாகவும் கோவில்பட்டியில் அறிவித்தார். மகனின் ஆயுள் என்றால் எந்த அம்மா மறுத்துப் பேசுவார்? பிறகு கும்பகோணத்துக்குப் போன் போட்டு, ஒற்றைப்படை வருடங்களில் குலதெய்வத்துக்குத் தீபாவளியை ஒட்டிப் பொங்கல் வைக்க வேண்டியிருக்கிறது, சம்பந்தி தப்பா நினைக்கக் கூடாது என்றார். குலதெய்வக் காரியத்தில் சம்பந்தி எப்படித் தலையிடுவார்? பொங்கல் பண்டிகைக்கு இதையே தலைகீழாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஜோசியரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

சட்டம் வந்த பிறகு வாக்குவாதக் கணக்கில் உள்ள 35-ல் பாதியாவது குறைந்திருக்கும். மற்றவையும் ஒவ்வொன்றாக முறைக்குள் வந்தன. அதிரசமும் முறுக்கும் மடிப்பாக்கத்தில் பக்கத்துத் தெருவில் செய்து கொடுக்கும் ஓர் அம்மாவிடம் புரட்டாசியிலேயே சொல்லிவிடுவது; அவற்றை எந்த ஊருக்கு எடுத்துப் போனாலும் ‘நான் செய்தது’ என்று சொல்லாமலும் ‘வாங்கினது’ என்று சொல்லாமலும் தட்டில் வைத்துவிடுவது. மாதா மாதம் கட்டும் பலகாரச் சீட்டில் மட்டும் சேருவதில்லை. சீட்டு நடத்துபவர் தீபாவளிக்கு முந்தின வாரம் காணாமல் போகும் செய்தியும் ஆம்னி பஸ் எச்சரிக்கையைப் போல வருடம் தவறாமல் வருகிறது. மைசூர்பாகு இரண்டு வீட்டிலும் மாமியார்கள் கையில். கும்பகோணத்தில் தீபாவளி அமாவாசைக்குக் கேதார கௌரி நோன்பு, அதிரசம், நோன்புக் கயிறு. கோவில்பட்டியில் காலை இட்லிக்கே கறிக்குழம்பு. அந்தந்த ஊரில் அந்தந்தச் சாப்பாடு, அடுத்த ஊரின் பேச்சை எடுப்பதில்லை என்பதும் ஒரு ஷரத்து. அதை மீறுவது குழந்தை ஒன்றுதான். அதற்கு மன்னிப்பு உண்டு.

போன தீபாவளி 2025, ஒற்றைப்படை, கோவில்பட்டி. எல்லாம் சட்டப்படி நடந்தது. திரும்பி வந்து முறுக்கு டின்னை இறக்கி வைத்தபோது மனைவி கேட்டார்: “ஏங்க, பொங்கலுக்கு எங்கயும் போகாம ஒரு வருஷம் இங்கயே இருந்தா என்ன?” நல்ல யோசனைதான். சட்டத்தில் அதற்கு இடமில்லை. பெரியப்பா கடைசியாக ஜோசியரைப் பார்த்தபோது மடிப்பாக்கம் பேச்சுக்கே வரவில்லை. தயங்கித் தயங்கி, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், அலுவலகத்தில் வேலை என்று சொல்லி இரண்டு வீட்டுக்கும் போன் போட்டார்கள். கோவில்பட்டியில் கோபம் வரவில்லை. “அதனால என்னய்யா, நாங்க அங்க வந்துருதோம்” என்றார் அம்மா. கும்பகோணத்தில் மாமனாருக்கு முழங்கால் சட்டென்று சரியாகிவிட்டது.

ஓர் ஊரிலிருந்து நால்வர், இன்னோர் ஊரிலிருந்து ஐவர். வீட்டில் இருப்பது இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. நவம்பர் பாதியில் முன்பதிவு திறந்ததும் கணவர் 8 மணிக்கு ஒரு கடைசி நம்பிக்கையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பொங்கலுக்குச் சென்னையை விட்டுப் போகும் வண்டிகளில்தான் கூட்டம். சென்னைக்கு வரும் வண்டிகள் காலியாகக் கிடந்தன. ஒன்பது பேருக்கும் உடனே உறுதியாகிவிட்டது.